சிலந்தி இழையும் இலக்கும்

வில்லியம் கஸ்கொயின் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அண்மையில் வாழ்ந்த இளம் வானியலாளர். 1640ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் அவருடைய தொலைகாட்டிக் குழாயினுள் சிலந்தியொன்று இழை பின்னிற்று. அவ்விழை வில்லையின் குவியத்தளத்தில் அமைந்தமையால், தொலைவிலுள்ள பொருளோடு அதுவும் தெளிவாகத் தோன்றியது. இதிலிருந்து அவர் நுண்மானி ஒன்றை ஆக்கிச் சந்திரனதும் கோள்களினதும் தோற்ற விட்டங்களை அளந்தார்.

இன்றைய துப்பாக்கித் தொலைகாட்டியின் குறுக்கிழையும் இத்தத்துவத்தின் வழிவந்ததே. பார்வை நேர்கோட்டிற் செல்லும். குண்டோ புவியீர்ப்பினால் வளைந்து தாழும். இரண்டும் குறித்தவொரு தூரத்திற் சந்திக்குமாறு திருகுகளால் அமைத்தலே சீராக்கல் எனப்படும். பாகையின் அறுபதிலொரு பங்கான கலை, 100 யார் தூரத்தில் ஏறத்தாழ 1 அங்குலமாகும். பல கருவிகளில் திருகின் ஒவ்வொரு சொடுக்கும் கால் கலை. ஆகவே, அத்தூரத்திற் குண்டு 2 அங்குலம் தாழ்ந்து பட்டால், மேல்நோக்கி 8 சொடுக்குகள் திருப்புதல் வேண்டும்.

கஸ்கொயின் 1644 யூலை 2இல், மார்ஸ்டன் மூர்ப் போரில், முதலாம் சாள்ஸ் மன்னரின் பக்கம் நின்று மடிந்தார். வானை அளக்கப் பிறந்த இழை பின்னர் மனிதரைக் குறிவைக்கவும் பயன்பட்டது. கருவியின் பிழையைத் திருகினாலே திருத்தலாம். எதனை இலக்காகக் கொள்வதென்ற தீர்ப்போ அதனூடே நோக்குபவனுக்கே உரியது.