அனுமார் வாலும் என் பேரனின் நரி வாலும்

போன பதிவில் தபால் ஆபீஸ் மணியார்டர் கதை எழுதியிருந்தேன். இந்த முறை ஒரு வால் கதை. சிரிக்காமல் படியுங்கள். நான் சிரித்ததனால் வந்த வினைதான் இந்தக் கதையே.

பெங்களூரில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் இந்த மே மாத லீவுக்குக் காஞ்சிபுரம் வந்தான். பதினாறு வயது. வழக்கமாகக் கையில் செல்போனோடு வருபவன் இந்தத் தடவை ஒரு பெரிய பையோடு வந்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெத்து மெத்தென்று மயிர் வைத்த துணி, பஞ்சு, ஸ்பாஞ்ச், கத்தரிக்கோல், பசை. "என்னடா இது?" என்றேன். "ஃபர்சூட் தாத்தா. நரி வேஷம். நானே தைக்கிறேன்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே விளக்கினான். மனிதரைப் போல் நடந்து பேசும் மிருகப் பாத்திரங்களில் ஆசை வைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். ஆளுக்கொரு மிருகத்தைக் கற்பனை செய்து, அதற்குப் பேர் வைத்து, தலை முதல் வால் வரை உடுப்புத் தைத்துப் போட்டுக்கொள்வார்களாம். அமெரிக்காவில் 1989-லேயே இதற்கென்று கலிஃபோர்னியாவில் மாநாடு நடத்தியிருக்கிறார்கள். இப்போது பிட்ஸ்பர்க் நகரத்தில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்களாம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அப்படியா கண்ணா" என்று கேட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். நானோ கடகடவென்று சிரித்துவிட்டு, "பிளஸ் டூ போகிற பிள்ளை நரி வேஷம் கட்டவா லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டுறாங்க உங்க அப்பா?" என்று கேட்டுவிட்டேன். பையன் முகம் சுருங்கிப்போனது. பையை மூடி எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனவன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், போய்விடுவான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. அக்னி நட்சத்திர வெயில். பையன் வேறு வழியில்லாமல் கீழே திண்ணைக்கு வந்து தைத்துக்கொண்டிருந்தான். வால் தைக்கிறான். உள்ளே அலுமினியக் கம்பி வைத்து, சுற்றிலும் பஞ்சைத் திணித்திருந்தான். இடுப்பில் கட்டி நடந்து பார்த்தான். வால் உலக்கை மாதிரி விறைப்பாக நின்றது. கையால் வளைத்தான், திருப்பி நிமிர்த்தினான், மறுபடி வளைத்தான். 'டக்' என்று உள்ளே கம்பி ஒடிந்தது. மூன்றாவது கம்பியாம் அது. அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த உட்கார்ந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையம். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நைனா பட்டுத் தறி நெசவு. அண்ணன் எனக்கு ஐந்து வயது மூத்தவர். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். நைனா தறிக்குழியில் உட்கார்ந்து உடலுக்கு நாடா போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. முதலில் அண்ணன் செய்தார், பிறகு நான் செய்தேன்.

1965-ம் வருஷம். எங்கள் தெரு வாலிபர்கள் சேர்ந்து ராமாயண நாடகம் போட்டார்கள். அண்ணனுக்கு அனுமார் வேஷம். பதினாறு வயது. பழைய புடவையைக் குழாய் மாதிரி தைத்து வைக்கோல் அடைத்து வால் செய்துகொண்டார்கள். ஒத்திகையில் அது ஈர வேட்டி மாதிரி தொங்கியது. அண்ணன் தாண்டிக் குதித்தால் வால் இரண்டு காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அண்ணன் அந்த வாலை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் பேரன் உட்கார்ந்த அதே மாதிரி.

நைனாவுக்கு நாடகமே பிடிக்காது. "கூலிப் புடவை பாதியில நிக்குது, உனக்கு இன்னாடா கொரங்கு வேஷம்" என்று திட்டியவர்தான் அவர். ஆனால் அன்று ராத்திரி ஒன்றும் பேசாமல் ஒரு பிரம்பை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். மறுநாள் தறி வேலை முடிந்ததும் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பிரம்பை அடியில் விரல் பருமனுக்கு விட்டுவிட்டு, நுனிக்குப் போகப் போகச் சீவி ஈர்க்குச்சி மாதிரி ஆக்கினார். "அடி நின்னாத்தான்டா நுனி ஆடும்" என்றார். அதை விளக்குச் சூட்டில் காட்டிக் கொஞ்சம் வளைத்துக் கட்டிக் காய விட்டார். பிறகு பழைய வேட்டியை நாடா நாடாகக் கிழித்து, தார்க் குச்சியில் நூல் சுற்றுவது போல அதன் மேல் சுற்றினார். ஒரே சுற்றாக இல்லை. ஒரு உருண்டை, ஒரு விரல் இடைவெளி, அடுத்த உருண்டை. அடியில் பெரிசு, நுனியில் சிறிசு. இடைவெளி விட்ட இடத்தில்தான் வால் வளையும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேலுறையை அவர் வெட்டிய விதம்தான் நெசவாளி புத்தி. துணியை நேராக வெட்டவில்லை, மூலைவாட்டில் வெட்டினார். பாவு நூல் ஒரு பக்கம், ஊடை நூல் ஒரு பக்கம் போகிறது. நூல் போகிற திசையில் இழுத்தால் துணி கொடுக்காது, கோணலாக இழுத்தால் கொடுக்கும். வாலை எந்தப் பக்கம் வளைத்தாலும் உறை சுருங்காது, கிழியாது. நுனியில் பாவு மிச்சத்தில் வெட்டிப்போட்ட பட்டு நூலைச் சேர்த்து ஒரு குஞ்சம் கட்டினார். அழகுக்கு மட்டும் இல்லை. நுனியில் கொஞ்சம் கனம் இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் திரும்பின பிறகு வால் பின்னாலேயே வரும். உயிர் இருக்கிற மாதிரி தெரியும்.

நாடகத்தன்று அண்ணன் மேடையில் தாண்டினபோது அந்த வால் அவருக்குப் பின்னால் பாம்பு மாதிரி நெளிந்ததைப் பார்த்துத் தெருவே கை தட்டியது. நைனா கடைசி வரிசையில் நின்றிருந்தார். கை தட்டவில்லை. ஆனால் முழு நாடகமும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். முதலில் தைத்துக்கொண்டே கேட்டான். பிறகு ஊசியை வைத்துவிட்டுக் கேட்டான்.

"தாத்தா, அந்த வால் இப்ப எங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் அதன் பிறகு வேஷம் கட்டவில்லை. நைனாவுக்கு முட்டி போனதும் தறியில் உட்கார்ந்தார். அவர் நெய்த கூலியில்தான் நான் படித்தேன், 1975-ல் தபால் இலாகாவில் சேர்ந்தேன். அந்த வால் தறி வீட்டுப் பரணிலேயே கிடந்தது. 2009-ல் தறியை விற்று வீட்டைக் காலி செய்தபோது பரணைச் சுத்தம் செய்தது நான்தான். பூச்சி அரித்த பழைய துணி என்று குப்பையோடு போட்டுவிட்டேன். சாயந்திரம் அண்ணன் பரணை எட்டிப் பார்த்தார். "அந்த வாலு?" என்று கேட்டார். "எரிஞ்சிட்டேண்ணே" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். 2016-ல் அவர் போய்ச் சேரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 'சரி' இன்னும் என் காதில் இருக்கிறது.

பேரனிடம் இதையும் சொன்னேன். கடைசியில், "நீ பையைத் தொறந்தப்ப நான் சிரிச்சது தப்புடா கண்ணா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. உடைந்த வாலை என் பக்கம் தள்ளினான். "உள்ள என்ன வைக்கலாம் தாத்தா?" என்றான்.

மறுநாள் காலையில் சின்ன காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். நூற்றுக்கால் மண்டபத்து மூலைகளில் கல் சங்கிலி தொங்குமே, பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையமாகச் செதுக்கியது. பையன் அதன் கீழேயே வெகுநேரம் நின்றான். "தாத்தா, கல்லு வளையாது. ஆனா சங்கிலி வளையுது. உங்க நைனா இடைவெளி விட்டது இதுக்குத்தான்" என்றான். எழுபத்தொரு வயது வரை அந்தச் சங்கிலியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. கூடை நாற்காலி பின்னுகிறவரிடம் ஒரு பிரம்பு வாங்கினேன். வாலின் அடி மூன்றில் ஒரு பங்குக்குச் சீவிய பிரம்பு. அதற்கு மேல் பிரம்பு இல்லை, நைலான் கயிறு. யோகா செய்யும் பாயிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டினான், நாலு அங்குலத்தில் ஆரம்பித்து ஒன்றரை அங்குலம் வரை. ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் குழாயில் வெட்டிய சின்னத் துண்டு. எல்லாவற்றையும் கயிற்றில் மணி மாதிரி கோத்தோம். கயிற்றை ரொம்ப இறுக்கினால் விறைக்கிறது, தளர்த்தினால் தொங்குகிறது. மூன்று தடவை அவிழ்த்து முடிந்தோம். முடிச்சு மட்டும் நான் போட்டேன். பாவு பிணைப்பதைப் பார்த்து வளர்ந்த கை இன்னும் மறக்கவில்லை.

மயிர்த் துணி விஷயத்தில் அவன்தான் எனக்குக் குரு. கத்தரிக்கோலால் வெட்டக்கூடாதாம். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை மட்டும் பிளேடால் கீறினால் மயிர் வெட்டுப்படாது. மயிர் சாய்கிற திசை நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். தைத்து முடித்ததும் தையலில் மாட்டிய மயிரை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டால், தையல் இருந்த இடமே தெரியாது.

இடுப்பில் கட்டுவதற்கு அகலமான பெல்ட். ஒரே இடத்தில் மாட்டினால் வால் கீழே சாய்ந்துவிடும். அதனால் அடியில் மேலொன்று கீழொன்று என்று இரண்டு இடத்தில் பிடிப்பு வைத்தோம். இதுவும் நைனா செய்ததுதான்.

வேலை செய்துகொண்டே அவனுக்கு நம் ஊர் வேஷங்களைப் பற்றிச் சொன்னேன். உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக் கறுப்பு வரி போட்டு வால் கட்டி ஆடும் புலியாட்டம். விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்து. நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே புஞ்சரசந்தாங்கலில் அந்தக் கலைஞர்களின் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-ல் ஆரம்பித்தது. தலையிலும் தோளிலும் கட்டும் மர அணிகளுக்குத்தான் கட்டை என்று பேர். "அப்போ நம்ம ஊர்லயும் ஃபர்சூட் இருந்திருக்கு" என்றான். "அது வேற, இது வேறடா. அங்க சாமி கதை" என்று ஆரம்பித்தேன். பிறகு யோசித்தேன். வேஷம் கட்டியவனுக்கு உள்ளுக்குள் வரும் சந்தோஷம் வேறு வேறா என்ன? விட்டுவிட்டேன்.

பாரதத்தில் ஒரு இடம் வரும். பூ பறிக்கப் போகும் பீமன் வழியில் ஒரு கிழக்குரங்கு வாலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்ப்பான். வழி விடச் சொல்வான். "வயசாயிடுச்சப்பா, நீயே வாலை நகர்த்திட்டுப் போ" என்னும் குரங்கு. பீமனால் அசைக்க முடியாது. பிறகுதான் தெரியும், அது அனுமார், அவனுக்கு அண்ணன் முறை என்று. சின்ன வயதில் நான் பீமன் பக்கம் இருந்து அந்தக் கதையைக் கேட்டேன். இப்போது வழியில் வாலை நீட்டிப் படுத்திருப்பது நானோ என்று தோன்றுகிறது. நாம்தான் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வேண்டும்.

மகள் போன் செய்தாள். "நீங்களுமாப்பா இதுக்குத் துணை?" என்றாள். "ஒரு வாரம் செல்போனைத் தொடாம ஊசி பிடிச்சிருக்கான். நீ முதல்ல அவன் தையலைப் பாரு" என்றேன். வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்குப் போகும் முந்தின நாள், வெயில் தாழ்ந்து மொட்டைமாடியில் வாலை மட்டும் கட்டிக்கொண்டு நடந்து காட்டினான். இடுப்பு இடது பக்கம் போனது. வால் ஒரு நொடி கழித்துப் பின்னாலேயே வந்தது. நின்றான், வால் இன்னும் ஒரு தடவை ஆடிவிட்டு நின்றது. பக்கத்து மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் வாயைப் பிளந்து பார்த்தார். பையன் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

நான் கை தட்டினேன். நைனா தட்டாததற்கும் சேர்த்துத் தட்டினேன்.

மிச்சமிருந்த பிரம்பையும் கயிற்றையும் தூக்கிப் போடவில்லை. பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த லீவில் தலை செய்ய வேண்டுமாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பையைத் திறந்து ஏதாவது காட்டினால், சட்டென்று சிரித்துவிடாதீர்கள். அடுத்த பதிவில் பார்ப்போம்.