எங்கே விலகினே?

1960களில் கும்பகோணத்தில் நான் பாட்டுக் கற்றுக்கொண்டேன். விடிகாலையில் குளித்துவிட்டு ஐந்தாறு பிள்ளைகள் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு ஓடுவோம். போனதும் பாட்டு ஆரம்பமாகாது. அவர் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பார். நாங்கள் பேசாமல் கேட்க வேண்டும். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்துவார், காதைச் சாய்ப்பார், மறுபடி நகர்த்துவார். நான்கு தந்தியும் கலந்து ரீங்காரம் எழுந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்புவார்.

முதல் பாடம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. அந்த ராகத்தின் சுத்த ரிஷபம் சட்ஜத்தை ஒட்டியே நிற்கும். பழகாத குரல் அங்கே தன்னையறியாமல் மேலே ஏறிவிடும். எனக்கும் ஏறியது. வாத்தியார் அந்த இடத்தில் நிறுத்த மாட்டார். வரிசை முடியும்வரை பாடவிட்டு, "எங்கேடா விலகினே?" என்பார். தெரியவில்லை என்றால் சொல்லித் தரவும் மாட்டார். "கேட்டுண்டே பாடு" என்பதோடு சரி. பல நாள் கழித்து, "ரிஷபத்துல சார்" என்று நானே சொன்னேன். "அடுத்த வரிசைக்குப் போகலாம்" என்றார்.

எங்களில் ஒருவரும் மேடை ஏறவில்லை. நான் தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஒருமுறை மதிப்பெண் குறைந்ததற்காக மகனைக் கடுமையாகப் பேசிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. 'எங்கேடா விலகினே?' என்று காதுக்குள் கேட்டது. விடிந்ததும் அவனிடம், "நேத்து நான் பேசினது தப்புப்பா" என்றேன்.

சங்கீதமே இப்படிக் காதுவழி வந்த சொத்துதான். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அப்போது ஒலிப்பதிவு கிடையாது. அவரிடமிருந்து மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யர், அவரிடமிருந்து பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பிறகு பூச்சி சீனிவாச ஐயங்கார், அடுத்து அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டதால்தான் அந்தச் சங்கீதம் நம் காலம்வரை வந்திருக்கிறது.

இன்று என் பேத்தி கைப்பேசியில் பாட்டு வகுப்பில் உட்காருகிறாள். டீச்சர் வேறு ஊரில் இருக்கிறார். ஒலி வந்து சேரச் சற்றே தாமதமாவதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. அவர் பாடி முடித்தபின் இவள் பாட வேண்டும். தம்புராவும் செயலிதான். சுருதி சரியா என்று பார்க்க ஒரு முள் வேறு ஆடுகிறது. இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் எட்டாத ஊர்ப் பிள்ளைக்கும் இன்று பாட்டுக் கிடைக்கிறதே! ஆனால் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கீர்த்தனை பாடமாயிற்று என்று கணக்குப் பார்க்காதீர்கள். தன் பிழை பிள்ளையின் காதுக்கே கேட்கிறதா என்று பாருங்கள்.

போன மாதம் பேத்தியிடம், "அந்த முள்ளைப் பார்க்காம பாடு கண்ணு" என்றேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடினாள். முடித்ததும், "எங்கேம்மா விலகினே?" என்று கேட்டேன். முழித்தாள். நானும் சொல்லித் தரவில்லை. தினமும் அதே வரிசை, அதே கேள்வி. நேற்று மாலை பாதியிலேயே அவளாக நிறுத்தினாள்.

"தாத்தா, ரி மேல போயிடுச்சு. இருங்க, மறுபடி பாடுறேன்."

வாத்தியார் போய் நாற்பது வருடமாகிறது. அவர் முகத்தை இவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.