கப்பல் காத்திராது

ஸ்ரீமதுரையிலிருந்து உலகின் எத்திசைக்குப் புறப்பட்டாலும் எங்களுக்கு முதற் பிரயாணம் கூடலூருக்குத்தான். அங்கிருந்து பாதைகள் மூன்றாகப் பிரிகின்றன. மேற்கே நாடுகாணிக் கணவாய் இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் தாண்டினால் கோழிக்கோட்டு விமான நிலையமாகிய கரிப்பூர். கிழக்கே உதகை ஏறி மேட்டுப்பாளையம் இறங்கினால் கோவை. வடக்கே முதுமலை வழியாக மைசூர். அந்த வடபாதையைப் பந்திப்பூர்க் காட்டில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு அடைத்து விடுகிறார்கள். காலை ஆறு மணிக்குத்தான் திறப்பு. மழைக்காலத்தில் மற்ற இரண்டு பாதைகளிலும் மண் சரியும். யானை வழிமறித்து நின்றால் அதனிடம் விமானத்தின் நேரத்தைச் சொல்லிப் பயனில்லை. ஆகவே, பிரயாணச் சீட்டை யார் வழியாக எடுப்பது என்ற கேள்வி நகரத்தாருக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கணக்காக இருக்கலாம்; மலைவாசிகளாகிய எங்களுக்கு அது வேறொரு கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் தவறிய கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் அத்தா 1979-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் போனார்கள். அன்று பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு மொகல் லைன் கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. கப்பலுக்குச் சீட்டு அவர்கள் கொடுத்தது. பம்பாய் வரை ரயிலுக்குச் சீட்டு அத்தா எடுத்துக்கொண்டது. கோவையில் ரயிலேறிய அத்தா, கப்பல் புறப்படுவதற்கு நான்கு நாட்கள் முன்னதாகவே பம்பாய் சேர்ந்து, சாபு சித்தீக் முஸாஃபிர்கானாவில் பாயை விரித்துவிட்டார்கள். "நாலு நாள் வீணாகத் தங்குவானேன்?" என்று ஊரில் சிலர் கேட்டதற்கு, "ரயில் தாமதித்தால் அடுத்த ரயில் உண்டு, கப்பல் காத்திராது" என்று விடை சொன்னார்களாம். கப்பல் வழி ஹஜ்ஜுப் பயணம் 1995-உடன் நின்றது. அத்தாவும் மறைந்தார்கள். அந்தச் சொல் மட்டும் வீட்டில் தங்கியது. ஆனால் வேண்டிய நேரத்தில் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

அத்தா போனபோது அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார்கள். "அடுத்த முறை இருவருமாக" என்ற பேச்சு பேச்சாகவே போயிற்று. எழுபத்து நான்கு வயதில், முழங்கால் தேய்ந்து, நீரிழிவும் கூடிய பிறகு, ஹஜ்ஜின் வெயிலும் நெரிசலும் உடல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உம்ராவாவது செய்விப்போம் என்று சகோதரர்கள் இருவரும் நிய்யத்துச் செய்தோம். இது 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்.

குழுவோடு அனுப்புவதா, நாங்களே ஏற்பாடு செய்வதா என்று வீட்டுத் திண்ணையில் பேச்சு நடந்தது. அவ்வேளை எங்கள் தங்கை மகன் விடுமுறையில் வந்திருந்தான். உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்பவன் அவன். அவன் சொன்னான்: "மாமா, எங்கள் கப்பலுக்கு வருகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு. கப்பல் கம்பெனியிடமே விமானச் சீட்டும் சேர்த்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. தாங்களே வாங்கி வருகிறவர்கள் மறுவகை. முதல் வகையாருக்கு நேரமும் வழியும் அவர்கள் விருப்பம் போல் அமையாது. சிலவேளை விலையும் கூடுதல். ஆனால் விமானம் தாமதித்தால், அடுத்த துறைமுகத்திலாவது கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை கம்பெனியைச் சேர்ந்தது. மறுவகையார் தாமதித்தால் கரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான். விவரம் அறிந்தவர்கள் தாங்களே சீட்டு எடுத்தாலும் ஒருநாள் முன்னதாக வந்து துறைமுகத்தில் தங்கிவிடுவார்கள்."

நாங்கள் சிரித்தோம். "நாம் கப்பலுக்கா போகிறோம்?" என்றோம்.

கணினியில் தேடியதில் மலிவான வழியொன்று அகப்பட்டது. கோழிக்கோட்டிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு ஒரு கம்பெனியின் விமானம்; அங்கிருந்து ஜித்தாவுக்குப் போய்வர வேறொரு கம்பெனியின் விமானம். இடைவெளி மூன்று மணி நேரம். குழுவினர் கேட்ட கட்டணத்தோடு ஒப்பிட, தலைக்குப் பதினோராயிரம் ரூபாய் மிச்சம். மூவருக்கும் முப்பத்து மூவாயிரம். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

புறப்பட்ட அன்று நாடுகாணி வழியில் தடங்கல் ஏதுமில்லை. யானையும் வரவில்லை. கரிப்பூரில் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதித்தது. வளைகுடா நகரில் இறங்கியபோது, ஜித்தா விமானத்தின் வாயில் மூடப்பட்டுவிட்டது.

அதன்பின் அறிந்துகொண்டவைதான் இக்கட்டுரைக்குக் காரணம். முதற் கம்பெனியிடம் முறையிட்டோம். அவர்கள் சொன்னது: "உங்களை இந்த ஊருக்குக் கொண்டுவருவதாகச் சீட்டு, கொண்டுவந்துவிட்டோம். இதற்கு அப்பால் உங்களுக்குப் பயணம் இருப்பது எங்கள் ஏட்டில் இல்லை." இரண்டாம் கம்பெனியிடம் போனோம். அவர்களுடைய ஏட்டில் நாங்கள் 'வராத பயணிகள்'. வராத பயணிக்குப் போகும் சீட்டு மட்டுமல்ல, அதே சீட்டிலுள்ள திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இருவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஒரே சீட்டாக எடுத்திருந்தால் தொடர் விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமானக் கம்பெனியினுடையது. இரண்டு சீட்டாக எடுத்த கணமே அந்தப் பொறுப்பு எங்கள் தோளுக்கு மாறிவிட்டது. மாறியதை நாங்கள் அறியவில்லை.

பெட்டிகளின் கதை இதனினும் கடிது. தனித்தனிச் சீட்டு ஆதலால் பெட்டிகள் ஜித்தா வரை போகா. அந்நகரத்தில் குடிநுழைவு தாண்டிப் போய்தான் எடுக்க வேண்டும். தாண்டுவதற்கு அந்நாட்டு விசா வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஸவூதி விசா மட்டுமே. அம்மாவின் இன்சுலின் அந்தப் பெட்டியில் இருந்தது. கைப்பையில் வைக்க வேண்டியதைப் பெட்டியில் வைத்த பிழை முழுவதும் எங்களுடையதே.

இஹ்ராம் துணியோடு, நடுங்கவைக்கும் குளிர்பதனக் கூடத்தில், சக்கர நாற்காலியில் அம்மாவை இருத்திக்கொண்டு அந்த இரவைக் கழித்தோம். நேரம் ஏற ஏற அம்மாவின் பேச்சு குழறத் தொடங்கியது. கூடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுக் கிட்டே வந்தார். விமான நிலையத்துக்குள்ளேயே மருத்துவ நிலையம் இருப்பதைச் சொல்லி, நாற்காலியைத் தாமே தள்ளிக்கொண்டு போனார். சர்க்கரையை அளந்து பார்த்த மருத்துவர் ஊசி போட்டார். "இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால்" என்று தொடங்கியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விடியும் வேளையில் அம்மா தெளிந்தார்கள். எங்களைத் திட்டவில்லை. "உங்க அத்தா கப்பலுக்கு நாலு நாள் முன்னாலே போனாங்க. நீங்க மூணு மணி நேரம் வச்சீங்க" என்றார்கள். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

புதுச்சீட்டு வாங்கி மறுநாள் ஜித்தா சேர்ந்தோம். திரும்புவதற்கும் புதுச்சீட்டு. மக்காவில் முதலிரவு விடுதிக் கட்டணமும் போயிற்று. மிச்சம் பிடித்த முப்பத்து மூவாயிரத்தைப் போல் இருமடங்குக்கு மேல் செலவாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், அம்மா கஅபாவைக் கண்டார்கள். பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது.

இதனால் குழுவோடு போவதே உத்தமம் என்று முடிவுகட்டிவிட முடியுமா? மறு ஆண்டு எங்கள் சம்பந்தி வீட்டார் குழு ஒன்றில் போனார்கள். அவர்களுக்கும் இடைவழியில் விமானம் தப்பியது. ஒரே சீட்டு ஆதலால் கம்பெனியே உணவும் தங்குமிடமும் தந்து அடுத்த விமானத்தில் ஏற்றியது. குழுத் தலைவர் ஜித்தாவுக்குப் பேச, அங்கே பேருந்து காத்திருந்தது. எங்கள் இரவுக்கும் அவர்கள் இரவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயினும் புறப்படும் நாளும் ஊரும் கடைசிப் பத்து நாளில் மாறின. கோழிக்கோடு என்றது கொச்சியாயிற்று. ஹரமுக்கு அருகே என்ற விடுதி அருகே இல்லை. சீட்டு எண்ணைக் கண்ணால் கண்டதே பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான்.

பொறுப்பைப் பிறரிடம் கொடுத்தாலும் கவலை தீர்ந்துவிடாது என்பதற்குப் பெரிய சான்று 2025-இல் கிடைத்தது. அவ்வாண்டு இந்தியாவின் ஹஜ்ஜு ஒதுக்கீடு 1,75,025. அதில் 52,507 இடங்கள் தனியார் குழுக்களுக்கு உரியவை. ஸவூதியில் முடிக்க வேண்டிய ஒப்பந்தங்களும் பணமும் கெடுவுக்குள் சேராமையால் அவற்றில் பெரும்பகுதி பறிபோயிற்று. பின்னர் 10,000 பேருக்கு மட்டும் வழி திறந்தது. பணம் கட்டி, பெட்டி கட்டி, உறவினரிடம் விடைபெற்றவர்கள் எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்தார்கள்.

ஹஜ்ஜுக் கமிட்டி வழியே போவோருக்கு விமானத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு புறப்பாட்டு ஊருக்கும் டெண்டர் வழியே கம்பெனியும் கட்டணமும் முடிவாகின்றன. கரிப்பூரில் 2020 ஆகஸ்ட் 7 விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் இறங்காமற் போனதால், சிறிய விமானங்களே ஹாஜிகளை ஏற்றின. 2024-இல் அங்கிருந்து புறப்பட்டவர்கள் கொச்சியிலிருந்தும் கண்ணூரிலிருந்தும் போனவர்களைவிட பல்லாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள நிலையமே மலிவானது என்ற எண்ணமும் இவ்வாறு பொய்த்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி 27 அன்று, நோய்ப் பரவலை முன்னிட்டு, ஸவூதி அரசு வெளிநாட்டாரின் உம்ராவைத் திடுமென நிறுத்தியது. பிறகு விமானங்களும் நின்றன. சீட்டுப் பணத்தைத் திருப்புவது பற்றி அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதிமுறைகளை வகுத்தது. முகவர் வழியே வாங்கிய சீட்டின் பணம் முகவருக்கே திரும்பும். அவர் அதைப் பயணியிடம் சேர்க்க வேண்டும். அதாவது, யார் கை கொடுத்ததோ அந்தக் கைக்கே முதலில் திரும்பும். தானே வாங்கியவருக்கு நேர்வழி. முகவர் வழி வாங்கியவருக்கு நடுவே ஒரு வாசல். அந்த வாசலில் இருப்பவர் நேர்மையானவரா என்பதே கேள்வி.

ஆகவே எங்கள் அனுபவத்தில் தெளிந்ததை நம் வீட்டார்க்குச் சொல்கிறோம். தாமே ஏற்பாடு செய்வோர் புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே சீட்டாக எடுக்க வேண்டும். இயலாவிடில் இடைவழியில் ஒருநாள் தங்க வேண்டும். தங்குவதற்கு விசாவும் வேண்டும். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். குழுவோடு போவோர் பணம் கட்டுமுன் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும்: விமானம் எது, சீட்டு எண் என்றைக்குக் கிடைக்கும், நாள் மாறினால் செலவு யாருடையது? ஹஜ்ஜுக்காயின், அந்தக் குழு அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். கேள்விக்குக் கோபிப்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். முதியவரும் நோயாளியும் உடன்வந்தால், விலையைவிடப் பொறுப்பு யாருடையது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்ற பாடத்தைச் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டவர்கள் நாம். கட்டும் கயிற்றைச் சோதித்துப் பார்ப்பதும் அதில் அடங்கும்.

அம்மாவுக்கு மறுபடியும் ஒருமுறை போகும் ஆசை இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், இம்முறையும் நாங்களே சீட்டு எடுப்போம். ஆனால் ஒரே சீட்டு. மலையிலிருந்து ஒருநாள் முன்னதாகவே இறங்கி, கரிப்பூருக்கு அருகே தங்கிக்கொள்வோம். அந்த ஒருநாள் செலவை வீண் என்று சொல்ல இப்போது எங்கள் வீட்டில் யாருமில்லை.