ஹர்கிலாவுக்கு வளைகாப்பு

ஹர்கிலா நாரையைக் காப்பாற்றப் பாடுபடும் பூர்ணிமா தேவி பர்மனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்க ஆசை எனக்கு.

அசாமின் ஹர்கிலா நாரை பார்ப்பதற்கு அழகான பறவை அல்ல. ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. குப்பைமேட்டில் இரை தேடும். கூடு கட்டுவதோ வீட்டுத் தோட்டத்து மரங்களில். எச்சமும் எலும்பும் அழுகிய மீனும் முற்றத்தில் விழுந்து நாறும். அபசகுனம் என்று மரத்தையே வெட்டினார்கள்.

2007-ல் அப்படி வெட்டிய மரத்திலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பார்த்தார் பூர்ணிமா. முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஊர்ப் பெண்களைத் தேடிப் போனார். சமையல் போட்டி நடத்திப் பேச்சுக் கொடுத்தார். அடைகாக்கும் பருவத்தில் நாரைகளுக்கு வளைகாப்பு போலவே சடங்கு நடத்தினார்கள். ஹர்கிலா உருவத்தைத் தறியில் நெய்தார்கள். அதில் வருமானமும் வந்தது.

இப்படி உருவான 'ஹர்கிலா படை'யில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள். காமரூப் மாவட்டத்தின் ததாரா, பசாரியா, சிங்கிமாரி ஊர்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டின. 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பூர்ணிமாவுக்கு 'பூமியின் சாம்பியன்' விருது தந்தது.

மரம் யாருடையதோ அவர் மனம் மாறாமல் பறவை பிழைக்காது. அதைப் புரிந்துகொண்டதுதான் இவரது பெரிய சாதனை என்பேன்.

உங்கள் தெரு மரத்திலும் கொக்கோ நாரையோ கூடு கட்டியிருக்கலாம். எச்சம் விழுகிறதென்று கிளையை வெட்டிவிடாதீர்கள். குஞ்சுகள் பறக்கும்வரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.