இவ்வளவு சின்ன ஊரா?

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில், கண்ணால் பார்த்தறியாத ஓர் ஊரின் பெயரை எத்தனையோ தடவைகள் தலைப்பில் இட்டிருக்கின்றேன். அந்த ஊர் புளியங்குளம்.

ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில், கண்டி வீதியும் வடபகுதிப் புகையிரதப் பாதையும் கடந்து செல்லும் சிற்றூர் அது. நெடுங்கேணி வீதி பிரியும் ஒரு சந்தி, சில கடைகள், ஒரு சிறிய புகையிரத நிலையம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் பயணம் செய்த எம்மவர் பலருக்கும் அது யன்னலூடாக ஓடி மறையும் பெயர்ப்பலகை மட்டுமே.

1990 ஜூனில் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. 1995இன் இறுதியில் இராணுவம் யாழ் நகரைக் கைப்பற்றியபோதும் தரைவழி புலிகளிடமே இருந்தது. ஆகவே குடாநாட்டுப் படையினருக்கான பொருட்கள் பெரும்பாலும் திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் சென்றன. கடலும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1995 ஜூலையில் காங்கேசன்துறையில் எடித்தாரா என்ற கடற்படைக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 1998 பெப்ரவரியில் வடகடலில் வலம்புரியும் பப்பதாவும் மூழ்கின.

கப்பல்களை நம்பியிருக்காமல் தரைவழியைத் திறப்பதற்கே 1997 மே 13 அன்று ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. வழியில் நின்றது புளியங்குளம். அந்தச் சந்திக்காக மாதக்கணக்கில் சண்டை நடந்தது. போர்முனைக்குச் செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. கொழும்பிலிருந்து ஓர் எண்ணிக்கை வரும்; வன்னியிலிருந்து இன்னோர் எண்ணிக்கை வரும். இரண்டையும் அருகருகே போட்டுவிட்டு, நடுநிலைமை பேணிவிட்டதாக நிம்மதியடைவோம். எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இருந்த பெயர்களை நான் ஒருநாளும் தேடவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

1999 நவம்பரில் புலிகள் சில நாட்களிலேயே ஊரை மீட்டார்கள். 2002இல் சமாதான காலத்தில் பாதை திறந்தபோது, புளியங்குளத்தில் இருந்த அவர்களது சோதனைச் சாவடியில் பொதிகளைத் திறந்து காட்டியபடி நானும் வரிசையில் நின்றேன். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட, யாழ்ப்பாணத்து மக்கள் மீண்டும் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். 2008இன் இறுதியில் ஊர் மறுபடியும் இராணுவத்தின் வசமாயிற்று.

2014 அக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அதன் பின்னர் ஒருமுறை செல்கையில், எதிர் இருக்கையில் தென்பகுதியைச் சேர்ந்த ஒருவர் அமர்ந்திருந்தார். முன்னாள் சிப்பாய், ஒரு கால் செயற்கைக் கால். "ஐயா, புளியங்குளம் வந்தால் சொல்லுங்கள்" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டார். சொன்னேன். எழுந்து, யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நிலையமும் மரங்களும் கடந்தன. ஊர் முடிந்துவிட்டது.

"இவ்வளவு சின்ன ஊரா?" என்றார்.

என்னிடமும் அதே கேள்விதான் இருந்தது.

அவருக்கு ஓய்வூதியம் உண்டு. அவருடன் வந்து திரும்பாதவர்களின் பெயர்கள் தெற்கில் நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எதிரே நின்றவர்களில் எஞ்சிய ஏறத்தாழ 12,000 பேர் 2009இன் பின்னர் புனர்வாழ்வு முகாம்களுக்குள் சென்று வெளியே வந்தார்கள். அவர்களிலும் கால் இழந்தோர் பலர், ஓய்வூதியம் இல்லை. மாண்டவர்களின் துயிலும் இல்லங்கள் இடித்து மட்டமாக்கப்பட்டன. நவம்பர் மாதத்தில் தாய்மார் வெறும் நிலத்தில் விளக்கேற்றுகின்றார்கள்.

கழற்றிய தண்டவாளங்களைப் புதிதாக இட்டுவிட்டோம். இரு பக்கத்துப் பெயர்களையும் ஒரே பட்டியலில் எழுத இன்னும் எவரும் முன்வரவில்லை. எண்ணிக்கைகளை மட்டும் அச்சிட்டவன் என்ற முறையில், அந்தக் கடனில் எனக்கும் பங்குண்டு.