பூஸ்ட்டுக்கு முன்னால் பெட்ரோல்

கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறை. சின்ன பெட்ரோல் கார் ஒன்றுக்கு டர்போ மாட்டித் தரச் சொல்லி யாரோ விட்டுப் போயிருந்தார்கள். டர்போ அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலேயே அலமாரியில் இருந்தது. மேஜையில் துணி விரித்து வைத்திருந்ததெல்லாம் வேறு சாமான்கள்: டேங்குக்குள் இறக்கும் புது பம்பு, ஓ-ரிங் மாட்டிய நான்கு இன்ஜெக்டர்கள், ஒரு பிரஷர் ரெகுலேட்டர், புது ஃபில்டர், சுருட்டி வைத்த ஹோஸ்.

“டர்போவை விட்டுட்டு இதையெல்லாம் எதுக்கு முதல்ல?” என்று கேட்டேன்.

“டர்போ மாட்டறது பெரிய வேலை இல்லீங்க சார். அது கேக்கற பெட்ரோலைக் கொண்டாந்து சேர்க்கறதுதானுங்க வேலையே. இது இல்லாம பூஸ்ட் ஏத்துனா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துரும்” என்றார் அங்கே வேலை பார்த்த பையன்.

அவர் போட்டுக் காட்டிய கணக்கு எளிமையானது. சாதாரண பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மில்லி பெட்ரோல் குடிக்கும். டர்போ வண்டி என்றால் 6. ஆக 150 குதிரைத்திறன் வேண்டுமானால் நிமிடத்துக்கு 900 மில்லி. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 225. இன்ஜெக்டரை நூறு சதவீதம் திறந்தே வைத்திருக்க முடியாது, 85 சதவீதம்தான் பாதுகாப்பு. அப்படியானால் 265 மில்லி தள்ளக்கூடிய இன்ஜெக்டர் வாங்க வேண்டும். 6,000 ஆர்.பி.எம்.மில் இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்ற 20 மில்லி செகண்டுதான் ஆகிறது. ஒரு சிலிண்டருக்கு வேண்டிய பெட்ரோல் முழுவதும் அதற்குள் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் கலவை ‘லீன்’ ஆகும், சூடு ஏறும், நாக் அடிக்கும். மீதியை அந்தப் பையன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கணக்கு புரிந்தது. என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. ரெகுலேட்டரின் தலையிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு, பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் போகிறது. அதில் பெட்ரோல் ஓடுவதில்லை. காற்றழுத்தத்தை மட்டும் எடுத்துப் போய் ரெகுலேட்டரிடம் சேர்க்கிறது. மேனிஃபோல்டில் பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் அழுத்தமும் ஏறும். இது இல்லையென்றால் என்ன ஆகும்? ரெயிலில் 3 பார் அழுத்தம் இருக்கிறது, டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். இன்ஜெக்டரின் மூக்குக்கு எதிரே அந்த 1 பார் முட்டிக்கொண்டு நிற்பதால் உண்மையில் மிஞ்சுவது 2 பார்தான். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் 18 சதவீதம் குறைந்துபோகும். அதிகமாகத் தேவைப்படும் அதே நொடியில் குறையும்.

பூஸ்ட்டும் பெட்ரோலும் சேர்ந்தே ஏற வேண்டும் என்பதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டது யார்? இந்தக் கேள்வியோடுதான் தேடத் தொடங்கினேன். ரேஸ்காரர்களாகத்தான் இருக்கும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

அதனால் முதலில் ஒரு பழைய மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் வண்டிகளுக்கு டியூனிங் பார்த்தவர். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் அந்தப் பந்தயங்கள் நடந்தன. “அப்ப ஏது தம்பி இன்ஜெக்டர்? எல்லாம் ஜெட்டுதான்” என்றார். மெயின் ஜெட்டின் துளையை ஊசி போன்ற டிரில்லால் துளி பெரிதாக்குவது, வண்டியை ஒரு சுற்று விரட்டுவது, உடனே இன்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. வெளுத்திருந்தால் லீன், கரி பிடித்திருந்தால் ரிச், காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி. துளை அதிகமாகிவிட்டால் ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளைப்பார்களாம். ஷெட்டிலிருந்து ஒரு எஸ்.யு. கார்புரேட்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: மேலே மூடியைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும். அதே சாதனம். “இதே கம்பெனிதான் தம்பி சண்டை ஏரோப்ளேனுக்கும் கார்புரேட்டர் செஞ்சான்” என்று அவர் போகிறபோக்கில் சொன்னது என்னைப் பந்தயத்திலிருந்து போருக்குத் திருப்பிவிட்டது.

எஸ்.யு. என்பது ஸ்கின்னர் யூனியன். லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துப் பிள்ளைகள் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கிய கார்புரேட்டர். குடும்பத்தொழிலின் வாசனை விடவில்லை போலிருக்கிறது. முதல் மாடல்களில் உள்ளே ஏறி இறங்கும் பகுதி தோலால் தைத்த துருத்தி. பின்னால் கம்பெனி கார் தயாரித்த மோரிஸ் கைக்குப் போனது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினுக்கும் எஸ்.யு. கார்புரேட்டர்தான்.

1940இல் பிரான்ஸிலும் பிறகு இங்கிலாந்தின் வானத்திலும் சண்டை மூண்டபோது பிரிட்டிஷ் விமானிகள் ஒரு கோளாறைக் கண்டார்கள். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 மூக்கைச் சட்டென்று கீழே அழுத்திப் பாய்ந்து தப்பும். பின்னாலேயே அதே மாதிரி பாய்ந்தால் தங்கள் இன்ஜின் திக்கி நின்றுவிடும். காரணம், ஜெர்மன் விமானத்தின் டைம்லர் பென்ஸ் டிபி 601 இன்ஜினில் கார்புரேட்டரே இல்லை. போஷ் பம்பு பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சியது. மெர்லினின் கார்புரேட்டரிலோ மிதவை அறை. விமானம் திடீரெனக் குனியும்போது பெட்ரோல் அறையின் மேல்பக்கத்துக்கு எழும்பிவிடும், ஜெட்டுக்குக் கிடைக்காது. இன்ஜின் ஒரு கணம் வறளும். இது முதல் திக்கல்.

அடுத்து வருவதுதான் ஆபத்தானது. பெட்ரோல் மேலே போனதால் மிதவை கீழே தங்கிவிடுகிறது. பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வு அதைப் பார்த்து, அறை காலியாக இருப்பதாக எண்ணி முழுதாகத் திறந்துகொள்கிறது. பம்பு தன் முழுப் பலத்தோடு பெட்ரோலை உள்ளே அடிக்கிறது. இன்ஜின் மூழ்கிப்போய், கரும்புகை கக்கி, அணைந்தேவிடும். பசியால் அல்ல, அஜீரணத்தால்.

ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் தெரியாமல் கார்புரேட்டரை வைத்திருக்கவில்லை. காற்றை அழுத்தித் திணித்து பூஸ்ட் தரும் சூப்பர்சார்ஜருக்குள் போவதற்கு முன்பே பெட்ரோல் ஆவியாவதால் காற்று ஏறத்தாழ 25 டிகிரி குளிர்கிறது, குளிர்ந்த காற்று அடர்ந்து நிரம்புவதால் சக்தி கூடுகிறது என்று அங்கே பணியாற்றிய ஸ்டான்லி ஹூக்கர் பின்னாளில் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மோசமான வாதம் இல்லை. சக்தி கூடத்தான் செய்தது, மூக்கைக் கீழே அழுத்தாத வரைக்கும்.

இந்த மூழ்கலுக்கு விடை கண்டவர் ஃபார்ன்பரோவில் அரசு விமான ஆய்வகத்தில் கார்புரேட்டர் வேலை பார்த்த பியாட்ரிஸ் ஷில்லிங். 1909இல் பிறந்தவர். 14 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மான்செஸ்டரில் பொறியியல் படித்துவிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் பைக்கில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி, 100 மைலைத் தாண்டியவர்களுக்குத் தரும் தங்க நட்சத்திரத்தை வாங்கியவர். அந்தப் பைக்கைத் தானே பிரித்துப் பூட்டி டியூன் செய்தவரும் அவர்தான்.

அவர் செய்த பொருளைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. விரலில் மாட்டும் தையல் கூடு அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு துளை. பிற்பாடு அதுவும் சுருங்கி வெறும் தட்டை வாஷர் ஆனது. கார்புரேட்டருக்கு முன்னால் பெட்ரோல் லைனில் அதைச் செருகினால் போதும். விமானத்தை ஹேங்கரில் கிடத்த வேண்டியதில்லை. சூட்சுமம் துளையின் அளவில் இருக்கிறது. இன்ஜின் தன் உச்ச சக்தியில் எவ்வளவு பெட்ரோல் கேட்குமோ, சரியாக அவ்வளவை மட்டும் அது விடும். ஊசி வால்வு ஏமாந்து திறந்தாலும், பம்பு எவ்வளவு முண்டினாலும், அதற்கு மேல் ஒரு சொட்டும் போகாது. 1941 தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத்தளம் தளமாகப் போய் இதை மாட்டிக்கொடுத்தார். மார்ச் மாதத்துக்குள் போர் விமானப் படை முழுவதிலும் ஏறிவிட்டது. விமானிகள் அதற்கு ‘மிஸ் ஷில்லிங்கின் துவாரம்’ என்று பெயர் வைத்தார்கள். அவர் அப்போது மணமாகிச் சில வருடம் ஆன திருமதி நேலர். விமானிகளுக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு?

நான் தேடியது இதற்குப் பிறகு கிடைத்த ஒரு சின்னத் தகவலில் இருந்தது. அந்த வாஷர் இரண்டு அளவுகளில் செய்யப்பட்டது. ஒன்று 12 பவுண்டு பூஸ்ட் ஓடும் இன்ஜினுக்கு, இன்னொன்று 15 பவுண்டுக்கு. 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும் மெர்லினின் பூஸ்ட்டை ஆறேகாலிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள். 1,030 குதிரைத்திறன் என்றிருந்தது, தாழ்வாகப் பறக்கும்போது 1,300ஐத் தாண்டியது. இன்னும் ஏற்றினால் இன்னும் பெட்ரோல், அதற்கு இன்னும் பெரிய துளை. இன்றைக்குப் பட்டறையில் ‘எத்தனை பூஸ்ட் ஓட்டப்போறீங்க?’ என்று கேட்டுவிட்டு இன்ஜெக்டர் அளவு சொல்கிறார்களே, அந்தக் கேள்வி 1941இலேயே பித்தளையில் துளையாக இருந்திருக்கிறது. நிரந்தரத் தீர்வு 1943 வாக்கில் மெர்லினுக்கு வந்தது: மிதவையே இல்லாமல் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் பெண்டிக்ஸ் ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். பெண்டிக்ஸ் என்ற பெயர் மறுபடி வரும்.

ஜெர்மனியின் பக்கம் கதை வேகமாக ஓடுகிறது. போஷ் 1927இலிருந்தே டீசல் பம்புகளை ஆலையில் வார்த்துத் தள்ளியது. டிபி 601இன் பம்பு அந்த வம்சம். தோற்ற நாட்டில் விமான இன்ஜினுக்கு வேலை இல்லாமல் போகவே, அந்த அறிவு 1950களின் தொடக்கத்தில் குட்புரோட், கோலியாத் என்ற குட்டிக் கார்களுக்குள் புகுந்தது. குட்புரோடில் அந்த வேலையைச் செய்த ஹான்ஸ் ஷெரன்பெர்க் திரும்ப டைம்லர் பென்ஸுக்குப் போனார். 1954இல் நியூயார்க்கில் மெர்சிடஸ் 300 எஸ்.எல். வெளியானது. அதன் மூலமான மூன்று லிட்டர் இன்ஜின், பெரிய வீட்டுக்காரர்களின் 300 சலூன் காரில் கார்புரேட்டரோடு 115 குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்தது. 1952 ரேஸ் காரில் மூன்று கார்புரேட்டர் வைத்து 170 சொச்சம். நேரடி இன்ஜெக்‌ஷனோடு 215. கேம்ஷாஃப்ட், கம்ப்ரெஷன் என்று மற்றவையும் மாறின என்றாலும், இன்ஜெக்‌ஷன் இல்லாமல் அந்த எண் வந்திருக்காது.

அழகான வண்டிதான், ஆனால் அதன் பம்புக்கு ஒரு கெட்ட பழக்கம். அது இன்ஜினோடு பிணைந்து சுற்றுவதால், சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நின்று ஓயும்வரை பெட்ரோலை அடித்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் கலக்கும். அதனால் அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம், ஆயில் சூடேறி அந்தப் பெட்ரோல் ஆவியாகப் போகவும் வழியிருக்காது.

பம்பை இன்ஜினிலிருந்து பிரித்தால்தான் இது தீரும். அதை அமெரிக்காவில் அதே பெண்டிக்ஸ் செய்து பார்த்தது. எலக்ட்ரோஜெக்டர் என்று பெயர். மின்சார பம்பு அழுத்தத்தைத் தயாராக வைத்திருக்க, மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை எலக்ட்ரானிக் பெட்டி சொல்லும். 1958 மாடல் கிரைஸ்லர் குழுமக் கார்கள் சுமார் 35இல் மட்டும் அது ஏறியது. அந்தக் காலத்து எலக்ட்ரானிக் பாகங்கள் பானட்டுக்குக் கீழே உள்ள சூட்டைத் தாங்கவில்லை. பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே திரும்ப மாட்டினார்கள். பெண்டிக்ஸின் காப்புரிமை போஷின் கைக்கு வந்தது. டிரான்சிஸ்டர்கள் தேறியிருந்த 1967இல் அது டி-ஜெட்ரானிக் ஆகி ஃபோக்ஸ்வாகன் 1600இல் ஓடியது. ஓட்டவைத்தது வேக ஆசை அல்ல, அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள்.

டேங்க், மின்சார பம்பு, ஃபில்டர், ரெயில், இன்ஜெக்டர், ரெகுலேட்டர், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் லைன். டி-ஜெட்ரானிக்கின் வரைபடத்தில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் என் ரப்பர் குழாய் அதில் இல்லை. ரெகுலேட்டர் அழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்தியது. மேனிஃபோல்டு அழுத்தத்தைத் தனி சென்சார் படித்துக் கணக்குப் பெட்டியிடம் சொன்னது. 1970களின் நடுவில் வந்த எல்-ஜெட்ரானிக் காற்றின் அளவையே அளந்தது, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் படிக்கவில்லை. அதனால் இன்ஜெக்டரின் முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் மாறாமல் இருந்தாக வேண்டும். அங்கேதான் ரெகுலேட்டரின் தலைக்கு அந்தக் குழாய் ஏறுகிறது. பூஸ்ட்டுக்காகப் பிறந்ததல்ல அது. டர்போ வந்தபோது, வெற்றிடத்துக்குப் பதில் பூஸ்ட்டையும் அதே குழாய் சுமந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டி இன்ஜெக்‌ஷன் நம் ஊர் மாருதிகளிலும் சாதாரணமாகிவிட்டது. இன்றைக்குப் பல கார்களில் திரும்பும் லைனும் கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. டர்போ ஏற்றும் டியூனர்கள் பெரும்பாலும் அதைப் பிடுங்கிவிட்டு, திரும்பும் லைனையும் ரப்பர் குழாயையும் புதிதாகப் போடுகிறார்கள். லேப்டாப்பை மட்டும் சொருகி ரீமேப் செய்து ‘ஸ்டேஜ் 1’ என்று விற்கிறவர்கள் கம்பெனி பம்பிலும் இன்ஜெக்டரிலும் மிச்சமிருக்கும் இடத்தைத்தான் விற்கிறார்கள். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். மிச்சம் எவ்வளவு என்று அளந்துவிட்டு விற்றால் நன்றாயிருக்கும்.

அந்த மிச்சமும் இப்போது எத்தனால் கலப்பால் குறைந்துவருகிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கு இது 13.5 வாக்கில் வரும். அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதல் எரிபொருள். எத்தனால் ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும், நாக்கிங்கையும் தாங்கும். ஹூக்கர் இருந்திருந்தால் ரசித்திருப்பார். ஆனால் கோயம்புத்தூர் பையன் போட்ட கணக்கில் 265 மில்லி இன்ஜெக்டர் இனிப் போதாது, 290க்குப் பக்கத்தில் வேண்டும். பம்பும் அதற்கேற்ப. ரீமேப் கடைகளின் விலைப்பட்டியலில் இந்த வரியை இன்னும் நான் பார்க்கவில்லை.