பனை நாரில் போட்ட முடிச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பால்காரர்கூட வந்திருக்கவில்லை, அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் அண்ணன் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அவளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். "அத்தை, ஒண்ணு காட்டுறேன், பயந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரைக்கும் டேப் பிடித்தார். 64 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் இருபத்தைந்தரை சொச்சம்.

"இதுதான் என் இழுப்பு நீளம் அத்தை. காம்பவுண்டு வில் வாங்கப் போறேன். இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போகணும்."

நான் பயப்படவில்லை. ஆனால் கையை விரித்துக்கொண்டு அவள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சேத்தூருக்குப் போய்விட்டேன். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய சேத்தூருக்கு.

எங்கள் சோளக்காட்டுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். பிள்ளைகளுக்கெல்லாம் அவர் காவக்காரத் தாத்தா. எனக்கு ஒன்பது வயசு இருக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து கிளிக்கூட்டம் இறங்கும். அண்ணன்மார் கவட்டை வைத்து அடிப்பார்கள். எனக்குக் கையில் கிடைத்தது ஓட்டைத் தகரமும் ஒரு குச்சியும்தான். தட்டித் தட்டி அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவர், "வா தாயி, ஒனக்கு ஒரு உண்டிவில்லு செஞ்சு தாரேன்" என்றார்.

உண்டிவில்லை இப்போது பார்த்தவர்கள் குறைவு. வில் மாதிரியேதான் இருக்கும். ஆனால் நாண் இரட்டை. நடுவில் துணியிலோ தோலிலோ ஒரு சின்னத் தொட்டில் கட்டியிருக்கும். அதில் அம்புக்குப் பதில் மண் உருண்டை. கண்மாய்க் கரம்பையைப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலில் ஒரு நாள் புதைத்து எடுப்பார்கள். கல்லைப்போல் இருக்கும்.

மூங்கிலைத் தொடுவதற்கு முன்னால் அவர் என்னை அளந்தார். பனை நார் ஒன்றைக் கிழித்து, என் நெஞ்சுக்குழியில் ஒரு நுனியை வைத்து, நீட்டிய இடது கையின் கட்டைவிரல் வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். அப்புறம் என் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றச் சொன்னார். கையை நீட்டிப் பிடித்து, இரண்டு கண்ணும் திறந்து, வளையலுக்குள் பனைமரத்து உச்சி தெரியும்படி பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடினால் உச்சி வளையலுக்குள்ளேயே நின்றது. வலது கண்ணை மூடினால் வெளியே ஓடிவிட்டது. "வலதுதான் ஒனக்கு மூத்த கண்ணு" என்றார். மூத்த கண், இளைய கண் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு வில்லு எதுக்குய்யா?" என்றாள். அவர் திண்ணைக்குக் கீழே நின்றபடியே சொன்னார்: "வில்லுக்கு ஆம்பள பொம்பள தெரியாது ஆத்தா. கை நீளந்தான் தெரியும்."

என் அண்ணன் மகளுக்கு நான் முதலில் சொன்னது இந்த வார்த்தையைத்தான்.

அவள் முதலில் போன கடையில் இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கைப்பிடியில் ஊதா நிறம் பூசிய ஒரு வில்லை எடுத்துக் கொடுத்து, பெண்களுக்கென்றே செய்தது என்றார்களாம். 50 பவுண்டு கனம். இழுக்கவே முடியவில்லை. வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, இடுப்பை வளைத்து, உதட்டைக் கடித்து இழுத்திருக்கிறாள். மூன்று நாள் தோள்பட்டை வலி. நிறத்தை வைத்துப் பெண்ணுக்கு வில் விற்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அவளுக்கு வேண்டியது அவள் கை நீளத்துக்கு இறங்கிவரக்கூடிய வில். அதுவோ இருபத்தேழு அங்குலத்துக்குக் கீழே இறங்காத வில். அதை வாங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் கையை மிதமிஞ்சி நீட்டியிருப்பாள், நாண் முன்னங்கையை உரித்திருக்கும், ஒரு மாதத்தில் மூலையில் சாத்தியிருப்பாள்.

இரண்டாவது கடைக்காரர் வயதானவர். இவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையை நேராக நீட்டி, வில்லை மேலே தூக்காமல், முன்னும் பின்னும் ஆடாமல் இழுக்கச் சொன்னாராம். அப்படி இழுத்து அரை நிமிஷம் அசையாமல் நிறுத்த முடிகிற கனம் எதுவோ அதுதான் உன் கனம் என்று சொல்லியிருக்கிறார். இவளுக்கு அது 35 பவுண்டில் வந்து நின்றது. விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு வில் குறைந்தது 30 பவுண்டு இருக்க வேண்டும் என்பது விதி. ஆக 35 போதும். தோள் பழகப் பழகத் திருகாணியைத் திருகி ஏற்றிக்கொள்ளலாம். நீளத்தையும் கனத்தையும் நிறைய ஏற்றி இறக்கும்படியான வில்தான் முதல் வில்லாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டபோது, கடல் கடந்தும் ஒரு காவக்காரத் தாத்தா இருக்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

காம்பவுண்டு வில் பார்க்க வில் மாதிரியே இருப்பதில்லை. இரண்டு நுனியிலும் சக்கரம், குறுக்கும் மறுக்கும் கயிறு. கமலைக் கிணற்றில் உருளையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் இந்தச் சக்கரத்தின் அச்சு நட்ட நடுவில் இல்லை, ஓரமாக இருக்கிறது. அதனால் இழுக்கத் தொடங்கும்போது முழுக் கனமும் கையில் ஏறும். கடைசியில் சக்கரம் உருண்டு திரும்பியதும் கனம் சட்டென்று இறங்கிவிடும். 40 பவுண்டு வில் என்றால் நிறைகுடத்தைவிடக் கனம். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு இறங்கிவிட்டால் கையில் நிற்பது 8 பவுண்டு, மூன்றரைக் கிலோ சொச்சம். அப்படியே நிறுத்தி மூச்சை அடக்கிக் குறி பார்க்கலாம். மான் தலையைத் திருப்பும்வரை காத்திருக்கலாம். அமெரிக்காவில் மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் பழைய வில்லின் நுனிகளை அறுத்துச் சக்கரம் மாட்டிப் பார்த்துச் செய்தது இது. 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை வாங்கினார். ஏறக்குறைய நான் உண்டிவில்லோடு வரப்பில் திரிந்த காலம்.

வரப்பு என்றதும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் சேத்தூர். பழைய ஏடுகளில் சேற்றூர். மேற்கே கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மலை. ஜமீன் ஊர், கவிராயர்கள் வாழ்ந்த ஊர். மு. ரா. அருணாசலக் கவிராயரும் அவர் சகோதரர்களும் எங்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் சுமந்தவர்கள். 1948 சட்டத்தோடு ஜமீன்கள் போய்விட்டன. நான் பிறந்தபோது அரண்மனைப் பேச்சு மட்டும் மிச்சம் இருந்தது. தேவதானம் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவோம். சாஸ்தா கோயில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் உடம்பில் அந்தக் குளிர்ச்சி இருக்கும்.

எங்கள் வீட்டுத் தாத்தா வேட்டைக்குப் போகிறவர். இரண்டு ராஜபாளையம் நாய்கள். பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். 2005-இல் தபால்துறை அந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது நான் பத்து வாங்கி ஒன்றையும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். முதல்நாள் இரவே நாய்களுக்குக் கம்பங்கூழ் குறைத்து வைப்பார்கள், வயிறு நிறைந்தால் ஓடாது என்று. அதிகாலையில் ஈட்டியும் வேல்கம்பும் ஒற்றைத் துப்பாக்கியுமாக ஏழெட்டுப் பேர் கிளம்பிப் போவார்கள். பன்றி விழுந்தால் ஊர் எல்லையிலேயே பங்கு. குத்தினவனுக்குத் தலை, நாய்க்காரனுக்குத் தனிப் பங்கு, போகாத கிழவனுக்கும் ஒரு கூறு. பெண்களுக்கு அம்மியும் அடுப்பும். காட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், "அது ஒனக்கெதுக்கு" என்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாத்தா ஈட்டியைப் பரண்மேல் போட்டார். மலையில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம், 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சட்டம் வந்தது நல்லது. தாத்தா காலத்து வேட்டை இன்னும் இருபது வருஷம் நடந்திருந்தால் அந்த மலையில் கேளையாடு மிஞ்சியிருக்காது. இதை நான் ஊரில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஆனால் வேட்டையோடு சேர்ந்து வேறு சிலதும் போய்விட்டன. ஈர மண்ணில் குளம்பைப் பார்த்து, இது காலையில் போனது, இது ராத்திரி போனது என்று சொல்கிற கண் போய்விட்டது. காற்றுக்கு எதிரே நடக்கத் தெரிந்த கால் போய்விட்டது. உண்டிவில் போய்விட்டது.

அண்ணன் மகள் இருக்கும் ஊரிலும் நினைத்தபடி காட்டுக்குள் போய்விட முடியாது. 1973 ஜனவரி 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் வேட்டைக்கு உரிமம். நம் ஊரில் சட்டம் வந்த மறுவருஷத்தைப் பார்த்து அங்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. செப்டம்பர் நடுவில் வில் வேட்டைக் காலம் தொடங்கும். மரத்தின் மேல் பலகை கட்டி, பாதுகாப்பு வார் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றாள். "பரண்" என்றேன். "ஆமா அத்தை, பரண்தான்!" என்று சிரித்தாள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. பரண் என்ற சொல் அவள் அப்பாவிடமிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு வில் அந்நியமில்லை. திருவில்லிபுத்தூர் என்ற பெயரே வில்லி என்ற வேடனுடையது. அண்ணன் தம்பி வில்லியும் கண்டனும் வேட்டைக்குப் போக, கண்டனைப் புலி அடித்தது. தேடிக் களைத்துத் தூங்கிய வில்லிக்குக் கனவில் பெருமாள் இடம் காட்டினார் என்பது தலபுராணம். அந்த ஊர்ப் பெண்தான் திருப்பாவை நான்காம் பாட்டில் மழையைச் சார்ங்கம் தொடுத்த அம்புக்கு ஒப்பிட்டாள். தினைப்புனம் காத்த வள்ளி கையில் கவண் இருந்தது. அப்பத்தாவிடம் இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குத் தெரிந்த பெயர்கள் இன்னும் இருக்கின்றன. விஜயவாடாவின் ஜோதி சுரேகா ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு வில்லில் மூன்று தங்கம் வாங்கினார். மகாராஷ்டிரத்தின் அதிதி சுவாமி 2023-இல் பெர்லினில் 17 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். ஜம்மு-காஷ்மீரத்து கிஷ்த்வாரின் ஷீத்தல் தேவிக்குக் கைகளே இல்லை. வலது காலால் வில்லைத் தாங்கித் தோளால் நாணை இழுக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணியில் வெண்கலம். அந்த வில்லை எப்படி அவர் உடம்புக்குப் பொருத்தியிருக்கிறார்கள் என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தோள், தாடை, பாதம் எல்லாவற்றையும் யாரோ பொறுமையாக அளந்திருக்கிறார்கள்.

அண்ணன் மகளுக்கு இடது கண்தான் மூத்தது. வளையல் வைத்து நான்தான் வீடியோவில் பார்க்கச் சொன்னேன். கடைக்காரரும் கைகளைக் குவித்துப் பார்க்கச் சொல்லி அதையே சொன்னாராம். ஆகவே வலது கைக்காரியான அவள் இடது கை வில் வாங்கினாள். முதல் வாரம் தடுமாறினாள், இப்போது பழகிவிட்டது. அம்பு பூட்டாமல் நாணை விட்டுவிடாதே என்று நாலு தடவை சொன்னேன். வெறும் நாணை விட்டால் அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே திரும்பி அடிக்கும், சக்கரத்திலிருந்து கயிறு கழன்றுவிடும், தகடு பிளந்துவிடும். உண்டிவில்லில் எனக்கு வேறு அடி. விடும்போது வில் கையைச் சற்றே திருப்ப வேண்டும், இல்லையென்றால் உருண்டை நம் கட்டைவிரலிலேயே விழும். முதல் நாளே விழுந்தது. நகம் கறுத்து, இரண்டு மாதத்தில் உதிர்ந்து, புதுசு முளைத்தது. அப்பத்தாவிடம் கதவில் நசுங்கியது என்று சொன்னேன்.

20 கஜத்துக்கு மேல் இந்த வருஷம் எய்ய மாட்டேன் என்று அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் பத்துக்குப் பத்து அம்பும் விழுந்தால்தான் பரண் ஏறுவாள். அடிபட்டு ஓடி, இரண்டு நாள் கிடந்து சாகிற மானை அவள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. தாத்தா கூட்டத்தில் அப்படி ஓடிப்போன பன்றிகளைப் பற்றிப் பிறகு யாரும் பேசியதில்லை.

காவக்காரத் தாத்தா என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார். என் உண்டிவில்லைப் பாகப்பிரிவினையின்போது பரணைச் சுத்தம் செய்தவர்கள் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார்கள். முடிச்சுப் போட்ட பனை நார் அதிலேயே சுற்றியிருந்தது.

சேத்தூரிலோ முகவூரிலோ தேவதானத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் இரட்டை நாண் வில் ஒன்று கிடந்தால் அதை விறகோடு போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.